பெட்டியில் வந்த எஞ்சின்

நான் எழுத வந்தது பிழையென்றால் வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எழுந்து பேசியவனும் அல்ல. எங்கள் ஆட்களின் விழாக்களில் முதலில் போய்க் கதிரை அடுக்குவேன், கடைசியில் கதிரைகளைத் தூக்கி வைப்பேன். இடையில் நடப்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஒருவன் ஒரு காரின் எஞ்சினைப் பற்றி இத்தனை பக்கம் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் இதை நான் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆளிடம் இனிச் சொல்ல முடியாது. அதனால் கடதாசியில் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு அது. பீலெஃபெல்ட்டில், குசினி, அதாவது சமையலறை அலுமாரிகளின் கதவுக்குப் பிணைச்சல் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. என் பக்கத்து மெஷினில் பதினேழு வருடம் நின்ற, டொச்சுக்காரர் என்று நாங்கள் சொல்லும் ஜெர்மன்காரர் ஒருவர் ஓய்வு பெறும்போது தன்னுடைய காரை விற்கப் போவதாகச் சொன்னார். அமெரிக்கக் கார். எழுபதாம் ஆண்டு செய்தது. இரண்டு கதவு, கரும்பச்சை நிறம், நீண்ட முன்பக்கம், அதற்குள் எட்டுச் சிலிண்டர் எஞ்சின். இந்த வகைக்கு மஸில் கார் என்று பெயர். உருவத்தில் குடும்பக் கார்தான். மிதித்தால் வேறு ஆள்.

அவருடைய வைக்கோல் கொட்டிலில் அதைப் பார்த்தேன். அவர் பொனெற்றைத் திறந்து, ஒரு பழந்துணியால் எண்ணெயைத் துடைத்து, என்னுடைய விரலைப் பிடித்து எஞ்சினில் பொறித்திருந்த இலக்கத்தின் மேல் வைத்தார். பிறகு முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த சிறு தகட்டைக் காட்டினார். அந்த இலக்கத்தின் கடைசிப் பகுதிதான் எஞ்சினிலும் இருந்தது. முப்பத்தைந்து வருடமாக அந்த உடலுக்குள் அதே எஞ்சின்.

"இதுகளைப் பிரித்துவிடாதே" என்றார்.

நான் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த வாக்குறுதிகள் எல்லாம் தலையாட்டல்கள்தான். ஆனால் இதைக் காப்பாற்ற வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேன். இங்கே முப்பது வயது தாண்டிய கார் தன் இயல்பு மாறாமல் இருந்தால், அதன் இலக்கத் தகட்டின் கடைசியில் டொச்சில் "ஹா" என்று சொல்லும் எழுத்தைச் சேர்த்துக் கொடுப்பார்கள். இது பழசு, இது அசல், இதை மதியுங்கள் என்று அதற்கு அர்த்தம். அந்த ஓர் எழுத்துக்கு நான் ஆசைப்பட்டேன்.

என் மனைவிக்குச் சிரிப்பு. "இஞ்சாருங்கோ, நீங்கள் வாயைத் திறக்கிறதில்லை. அதுதான் உங்களுக்குப் பதிலா உறுமுறதுக்கு ஒண்டை வாங்கியிருக்கிறியளோ?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. "பாத்தியளே, நான் சொன்னது சரிதானே" என்றாள்.

இனி என் நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பத்தைந்தில் ஒரே விமானத்தில் கிழக்கு பெர்லினில் இறங்கி, ஒரே ரயிலில் மேற்குக்கு வந்து, ஒரே அகதி முகாமில் மேல்கட்டில் கீழ்கட்டிலாகப் படுத்தவர்கள் நாங்கள். உறவில்லை. ஆனாலும் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். அவனுக்கு ஆறு மாதத்தில் டொச் வந்தது. எனக்கு விளங்கும், வாயில் வராது. வாயைத் திறந்தால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்ற பயம். அந்தக் காலத்தில் முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. மொழி தெரிந்தவன் தெரியாதவனோடு கூடப் போவான். வைத்தியர், வீட்டுக்காரர், வேலை அலுவலகம், டெர்மின் என்று டொச்சில் சொல்லும் எந்தச் சந்திப்பு என்றாலும் அவன் கதைப்பான், இவன் பக்கத்தில் நிற்பான். மற்றவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் அந்த வழக்கத்தை விட்டார்கள். நாங்கள் இருவரும் இருபது வருடம் விடவில்லை. என்னால் ஓரளவு கதைக்க முடிந்த பிறகும் அவனைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவனும் ஒரு நாள்கூட ஏலாது என்று சொன்னதில்லை. தபால் பிரிக்கும் இடத்தில் அவனுக்கு வேலை. விடியற்காலை ஷிஃப்ட் முடிந்து கண் சிவந்தபடி வந்து என்னோடு நிற்பான்.

அந்தக் கோடை முழுவதும் கார் ஓடியது. ஐப்பசி மாதம் ஒரு சனிக்கிழமை, டொய்ற்றோபுர்க் காட்டு ஏற்றத்தில் எஞ்சின் வெள்ளைப் புகை கக்கியது. உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல் ஒரு சத்தம். எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்தால், எண்ணெய் பால்கோப்பி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்திருந்தது.

எஞ்சினைக் கழற்றி, வான் ஒன்றில் ஏற்றி, ஹெர்ஃபோர்ட் போகும் வழியில் இருந்த ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். பழைய எஞ்சின்களைச் சீர்செய்யும் சின்னப் பட்டறை. ஒரே ஒரு ஆள். நீல மேலங்கி, மூக்கில் இறங்கிய கண்ணாடி. பதினாலு நாள், இரண்டு கிழமை, கழித்து வரச் சொன்னார். போனபோது எஞ்சின் முழுக்கப் பிரிக்கப்பட்டு, கழுவப்பட்டு, மேசையில் வெறும் இரும்புக் கட்டையாக நின்றது. எட்டுத் துளைகளும் தெரிந்தன.

நான் வழக்கம்போல வாசலடியில் நின்றேன். என் நண்பன் மேசையடியில் நின்று கதைத்தான். உள்ளே ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் பேசியது எனக்குச் சரியாக எட்டவில்லை. பட்டறைக்காரர் நிறையப் பேசினார். விரலால் ஒரு துளையைக் காட்டினார். சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டினார். கடைசியில் அந்த இரும்புக் கட்டையை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினார். நல்ல மாட்டின் முதுகில் தட்டுவதுபோல. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

நண்பன் திரும்பி வந்தான். முகம் தொங்கியிருந்தது.

"மச்சான், சரிவராது. கட்டையிலை வெடிப்பாம்."

"எங்கை?"

"உள்ளுக்கை, தண்ணி ஓடுற இடத்திலை. ஒட்ட ஏலாதாம். சீமெந்து பூசுற மாதிரி ஏதும் செய்தாலும் ஒரு வருஷம் நிக்காதாம்."

"நான் ஒருக்காப் பாக்கட்டோ?"

"பாத்து? வெடிப்பு உனக்கு வணக்கம் சொல்லுமே? வா, அவருக்கு வேலை கிடக்கு."

நான் போய்ப் பார்க்கவில்லை. இலக்கம் பொறித்த இடத்தையாவது தொட்டுவிட்டு வந்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை. கட்டையை அங்கேயே விட்டுவிடலாம், பழைய இரும்புக்குப் போகட்டும், திரும்ப ஏற்றி இறக்குவது வீண் வேலை என்றான். தலையாட்டினேன்.

அவனுடைய காரில் வரும்போது அவன்தான் பெட்டி எஞ்சின் கதையைத் தொடங்கினான். அமெரிக்காவில் புதிதாகச் செய்து, முழுதாகப் பூட்டி, மரப்பெட்டியில் அடைத்து அனுப்புகிறார்கள். பெட்டியை உடைத்து, எஞ்சினைக் காருக்குள் இறக்கி, குழாயும் வயரும் கொழுவினால் ஓடும். "புதுசு மச்சான். ஒருத்தரும் தொடாதது" என்றான். எனக்கு அந்த இலக்கம் நினைவுக்கு வந்தது. அது செத்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். செத்ததற்காக எவ்வளவு நாள் அழுவது?

அதற்குப் பிறகு வந்த குளிர்காலம்தான் நான் இந்த நாட்டில் கழித்த நல்ல குளிர்காலம். இதை எழுதுவதற்கே கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். சனி, ஞாயிறு பின்னேரங்களில் அவன் வருவான். எங்கள் குசினி மேசையில் எஞ்சின் பட்டியல்களை விரிப்போம். இன்டர்நெட்டில் எடுத்த கடதாசிகள், படங்கள், சக்திக் கோடுகள். என் மனைவி ரோல்ஸ் பொரித்து வைப்பாள். கடதாசியெல்லாம் எண்ணெய் விரல் அடையாளம். நான் கட்டம் போட்ட கொப்பி ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைத்தேன்.

கடைசியில் இரண்டு எஞ்சின்கள் மிஞ்சின. ஒன்று ஐந்து தசம் ஏழு லீற்றர், முந்நூற்றி முப்பது குதிரைச் சக்தி. மற்றது ஆறு தசம் இரண்டு லீற்றர், நானூற்றி முப்பது.

"நானூற்றி முப்பது, மச்சான். யோசிச்சுப் பார். நானூற்றி முப்பது குதிரை உனக்கு முன்னாலை ஓடுது."

"முன்னாலை ஓடுறது சரி. ஆர் நிப்பாட்டுறது?"

"நிப்பாட்டுறதுக்கோ எஞ்சின் வாங்குறது?"

"றோட்டிலை சிவப்பு லைற்றும் இருக்குத்தானே."

"உனக்கு எஞ்சின் வேணுமோ, தையல் மெஷின் வேணுமோ?"

"தையல் மெஷின் எண்டால் எனக்கும் உதவும்" என்றாள் மனைவி, அடுப்படியில் நின்றபடி.

எனக்கு என்னுடைய காரணங்கள் இருந்தன. கொப்பியில் எழுதியிருந்தேன். எஞ்சினுக்குள் காம்ஷாஃப்ட் என்று ஒரு தண்டு இருக்கிறது. வால்வுகள் எப்போது திறக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதை அதுதான் முடிவு செய்யும். பெரிய எஞ்சினில் கூர்மையான தண்டு. மேலே, வேகத்தில் போகும்போது சக்தி அள்ளும். சும்மா நிற்கும்போது எஞ்சின் நொண்டும், டக்கு டக்கு என்று குலுங்கும். அந்த நொண்டல் சத்தத்துக்குத்தான் ஆட்கள் ஆசைப்படுகிறார்கள். ஆனால் நொண்டும் எஞ்சின் பிரேக்குக்கு உதவும் உறிஞ்சலைச் சரியாகக் கொடுக்காது. சிவப்பு விளக்கில் காலை வைத்தால் பெடல் கல்லாக இருக்கும். என்னுடைய காரில் பழைய பிரேக், பழைய கியர்ப்பெட்டி, பழைய ரேடியேற்றர். அதற்குள் ஒரு பயில்வானைக் கொண்டுவந்து குடியிருத்தினால் வீடு உடையும். சின்ன எஞ்சின் கீழேயே இழுக்கும், அமைதியாக நிற்கும், சாதாரண பெற்றோலில் ஓடும். அளவிலும் அது பழைய எஞ்சினின் தம்பிதான். "ஹா" எழுத்துக்கு அதுவே ஏற்றது என்றும் எண்ணினேன்.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். கொப்பியைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். நான் அவனிடம் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். "ஊரிலை, கொக்குவிலிலை படிச்சனியோ, அமெரிக்காவிலை படிச்சனியோ?" என்றான். ஆனால் விடவில்லை. நாலு கிழமை பெரிய எஞ்சினுக்காக வாதாடினான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னான்: "இறக்குமதி செய்யிறவனோடை வெள்ளிக்கிழமை கதைச்சனான். யோசிச்சுப் பாத்தன். நீ சொல்லுறதுதான் சரி மச்சான். சின்னனை எடுப்பம்."

எனக்கு நம்பவே முடியவில்லை. "உண்மையாவோ?"

"உன்ர கார். உன்ர விருப்பம். நீ வடிவாப் படிச்சிட்டுத்தான் சொல்லுறாய்."

அன்றைக்கு நான் எப்படி இருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நாற்பத்தெட்டு வயதில், ஒரு விஷயத்தை நானே தெரிவுசெய்து, காரணம் சொல்லி, அவனையே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். படுக்கப் போகும் வரை அந்தக் கொப்பியைக் கையில் வைத்திருந்தேன். மனைவி, "என்ன, பாஸ் பண்ணிட்டியளோ?" என்று கேட்டாள்.

பெட்டி பங்குனியில் வந்தது. தடித்த ஒட்டுப்பலகைப் பெட்டி. ஆணியைக் கழற்றி மூடியைத் தூக்கியபோது புதுப் பெயின்ற் மணமும் எண்ணெய் மணமும் வந்தன. கறுப்புக் கட்டை, மேலே பளபளக்கும் மூடிகள். இரண்டு மாதம் சனிக்கிழமைகளில் வேலை செய்தோம். முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது அது அமைதியாக, ஒரு சீராக நின்று ஓடியது. நண்பன் என் முதுகில் அடித்து, "தையல் மெஷின்தான் மச்சான், ஆனா நல்ல தையல் மெஷின்" என்றான்.

ஆனி மாதம் அவனுடைய மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் சூரிச்சில் இருந்து வந்தார்கள். இங்கே எங்கள் ஆட்களின் கலியாணங்களில் பொம்பிளை, மணப்பெண்தான், எந்த வாகனத்தில் வந்து இறங்குகிறாள் என்பது சாப்பாட்டுக்கு அடுத்தபடி பேசப்படும் விஷயம். குதிரை வண்டியில் வந்தவர்கள் உண்டு. வெள்ளை லிமூசினில் வந்தவர்கள் உண்டு. கார் தயாரானால் கட்டாயம் கொண்டுவருவேன் என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். காருக்கு இன்னும் நிரந்தரப் பதிவு இல்லை. ஐந்து நாளைக்கு மட்டும் தரும் தற்காலிகத் தகட்டை அவன்தான் ஓடிப்போய் எடுத்துவந்தான்.

உலகக்கிண்ணக் கால்பந்து நடந்த கோடை அது. வீதியெல்லாம் கொடி. பொனெற்றில் பூமாலையோடு நாங்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போக, நடைபாதையில் நின்ற டொச்சுக்காரர்கள் எங்கள் நாடு ஏதோ ஆட்டத்தில் வென்றுவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார்கள். பின்சீற்றில் பொம்பிளை நகையோடும் தோழியோடும். முன்சீற்றில் என் நண்பன், பட்டு வேட்டியில். மண்டப வாசலில் காரை நிறுத்தியபோது வீடியோக்காரர் வெளிச்சம் அடித்தார். சூரிச் சம்பந்தி காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஆர் எஞ்சின் தெரிவு செய்தது?" என்று கேட்டார்.

"இவர்தான்" என்று என்னைக் காட்டினான் நண்பன். "கதைக்க மாட்டார். ஆனா எஞ்சின் விஷயத்திலை புரொபெஸர்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு மட்டும் எனக்கு அது பயமாக இருக்கவில்லை. கதிரை அடுக்கவும் போகவில்லை.

கலியாணம் முடிந்து, நண்பன் குடும்பத்தோடு சம்பந்தி வீட்டு விருந்துக்குச் சூரிச்சுக்குப் போய்விட்டான். எனக்கு வாகனப் பரிசோதனை டெர்மின் அந்தக் கிழமையில் வந்தது. தள்ளிப்போடலாம் என்று பார்த்தேன். பிறகு, எஞ்சினைத் தெரிவு செய்தவனுக்கு அதைக் கொண்டுபோய்க் காட்டத் தெரியாதா என்று தனியாகவே போனேன்.

பரிசோதகர் இளம் வயதுக்காரர், மரியாதையானவர். காரைக் கீழே மேலே பார்த்தார். எஞ்சினைப் பார்த்து நெற்றியைச் சொறிந்தார். இது இந்தக் காரின் காலத்து எஞ்சின் இல்லை, புகை அளவுக்கான பத்திரமும் இல்லை, இப்படியே அந்த எழுத்தைத் தர முடியாது என்றார். பத்திரம் தேடலாம், நீண்ட வழி. பிறகு கேட்டார்: "இதனுடைய சொந்த எஞ்சின் எங்கே? அதைத் திருப்பிப் போட்டால் இன்றைக்கே முடிந்த வேலை."

வெடித்துவிட்டது என்றேன்.

எந்த இடத்தில் வெடிப்பு என்று கேட்டார். சில வெடிப்புகளை இப்போது உலோகத்தால் தைக்கிறார்கள், கட்டை எங்காவது கிடந்தால் காட்டிப் பாருங்கள் என்றார்.

அப்படித்தான் நான் ஹெர்ஃபோர்ட் வழியில் அந்தப் பட்டறைக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போது மூன்று வாக்கியங்களைப் பாடமாக்கினேன். அதே நீல மேலங்கி, அதே கண்ணாடி. நான் என் மூன்று வாக்கியங்களையும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு டொச் தெரியுமா? உங்கள் நண்பர், உங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது என்றாரே."

கொஞ்சம் தெரியும் என்றேன்.

"வெடிப்பா? என்ன வெடிப்பு?" என்றார். "தலைப்பகுதியின் கஸ்கெற் போயிருந்தது. சிலிண்டர்களைக் கொஞ்சம் பெருப்பித்து, சுழல்தண்டைத் தீட்ட வேண்டும் என்றேன். கட்டை நல்ல கட்டை. இலக்கம் பொருந்துகிறது, எக்காரணம் கொண்டும் விடாதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னேன். ஆனால் என்னிடம் வேலை நிறைய, அடுத்த இலையுதிர் காலத்தில்தான் தருவேன் என்றேன். நீங்கள் காத்திருக்க விரும்பவில்லை, உங்களுக்குப் புதிய எஞ்சின்தான் வேண்டும் என்று அவர் சொன்னார்."

கட்டை எங்கே என்று கேட்டேன்.

அவருடைய முகம் மாறியது. தை மாதம் வரை வைத்திருந்தாராம். ஒருவரும் வராததால் ஹொலண்டில் இருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டாராம். அவர் துளைகளைப் பெருப்பித்து, பழைய இலக்கத்தை அரைத்தெடுத்து, தன்னுடைய காரின் இலக்கத்தைப் பொறிக்கப் போவதாகச் சொன்னாராம். "எனக்கு மிகவும் வருத்தம்" என்றார். அவர்மேல் பிழையில்லை. அவர் இரண்டு தரம் சொன்னவர். இரண்டு தரம் தட்டியதை நானே பார்த்தேன். முடிந்துபோன பொருளை யாராவது அப்படித் தட்டுவார்களா? அதை யோசிக்க எனக்கு ஏழு மாதம் எடுத்தது.

நண்பன் சூரிச்சில் இருந்து வந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய மனைவி தேத்தண்ணியும் சுவிஸ் சொக்கலேற்றும் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். கலியாண வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. என்னுடைய கார் மண்டப வாசலில் வந்து நிற்கும் இடம்.

"பட்டறைக்குப் போனனான்" என்றேன்.

"எந்தப் பட்டறை?"

"ஹெர்ஃபோர்ட்."

"ஆரோடை?"

"தனிய."

சிரித்தான். "தனியவோ? நீயோ?" என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கோப்பையைக் கீழே வைத்தான்.

"கட்டையிலை வெடிப்பு இல்லையாம்."

வீடியோவின் பக்கம் திரும்பினான்.

"இல்லைத்தான்" என்றான்.

நான் காத்திருந்தேன். காத்திருப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

"மச்சான், கேள். சூரிச்சுக்காரருக்கு நான் வாயை விட்டிட்டன். இந்தக் கார் எண்டு சொல்லிப்போட்டன். படமும் அனுப்பினனான். அவன் அடுத்த இலையுதிர் காலம் எண்டால், பிள்ளை என்ன ட்ராமிலை வந்து இறங்குறதோ?"

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டால் நீ ஓம் எண்டுவியோ? 'பாப்பம்' எண்டுவாய். உன்ர பாப்பம் ஒரு வருஷம் போகும். எனக்குத் தெரியாதோ உன்னை?"

கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேனா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பத்தையும் அவன்தான் எடுத்துக்கொண்டான்.

"அப்ப சின்ன எஞ்சின்?" என்று கேட்டேன். "அதை என்னத்துக்கு ஒப்புக்கொண்டனி?"

அவன் சொக்கலேற்றைத் தள்ளி வைத்தான். என்னைப் பார்க்காமல் சொன்னான்: "பெரிசு செய்விச்சு வர அஞ்சு மாசம் எண்டவன். சின்னன் ஆறு கிழமை."

என்னுடைய கொப்பி அந்த நேரம் நினைவுக்கு வந்தது. காம்ஷாஃப்ட், பிரேக், ரேடியேற்றர், கட்டம் கட்டமாக எழுதிய காரணங்கள். அவன் அவற்றை ஒப்புக்கொள்ளவே இல்லை. கலியாணத் திகதியைத்தான் ஒப்புக்கொண்டான். எஞ்சின் போனதைவிட இது எனக்கு அதிகம் நொந்தது. நான் தெரிவு செய்ததாக நினைத்த ஒரே ஒரு விஷயமும் நான் தெரிவு செய்ததில்லை.

"உதுக்கேன் இப்ப செத்தவீட்டு முகம்?" என்றான், குரலை உயர்த்தி. "இருபது வருஷமா உனக்காகக் கதைச்சனான். ஒரே ஒருக்கா எனக்காகக் கதைச்சன். ஒருக்கா. அது பெரிய குற்றமோ?"

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் "ஒருக்கா" என்ற சொல்லில்தான் மனம் போய் நின்றது. தொண்ணூற்றி நாலில், தொழிற்சாலையில் போர்மன் என்னைக் கூப்பிட்டு, இவனையும் வரச்சொல்லி, நீண்ட நேரம் பேசினார். கையை ஆட்டி ஆட்டி, சிரித்துச் சிரித்துப் பேசினார். முடிவில் இவன் எனக்குச் சொன்னது, வேகமாக வேலை செய்யச் சொல்லி ஒரு வரி: "கெதியா வேலை செய்யட்டாம்." டொச்சில் எல்லாவற்றையும் நீட்டித்தான் சொல்வார்கள் என்று நான் அப்போது நினைத்தேன். மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்டது "அவுஸ்பில்டுங்" என்ற ஒரு சொல் மட்டும். தொழிற்பயிற்சி என்று அர்த்தம். யாரோ பொடியனைப் பற்றிச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

"போர்மன் அண்டைக்கு என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"எந்தப் போர்மன்?"

"தொண்ணூற்றி நாலிலை. கனநேரம் கதைச்சவர். நீ ஒரு வரிதான் சொன்னனி."

"விசரே உனக்கு? பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின கதை ஆருக்கு ஞாபகம்?"

அவன் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவனுக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். அதுதான் பிரச்சினை. வீட்டுக்காரர், வைத்தியர், வேலை அலுவலகம், என் மனைவிக்கு இரண்டாவது குழந்தை தங்காமல் போனபோது ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் வைத்தியர் சொன்னது, எல்லாம் அவன் வாய் வழியாகத்தான் எனக்கு வந்தன. அவை அத்தனையும் சரியாகவே வந்திருக்கலாம். இனி எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. அந்த எஞ்சினையாவது ஒருவர் கழுவி மேசையில் வைத்தார்.

நான் எழுந்தேன். அவனுடைய மனைவி குசினி வாசலில் நின்றார். எவ்வளவு கேட்டிருப்பார் என்று தெரியவில்லை. "அண்ணை, புட்டு அவியுது, சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அவன் கதவு வரை வந்தான். "நாளைக்கு உனக்குப் பல்லு டெர்மின் எல்லோ? எத்தினை மணிக்கு வர?" என்று கேட்டான். பழக்கத்தில் கேட்டானா, சமாதானத்துக்குக் கேட்டானா தெரியாது.

"வேண்டாம்" என்றேன். இருபத்தொரு வருடத்தில் அவனிடம் நான் முதல் முதலாகச் சொன்ன வேண்டாம் அது. அவன் சப்பாத்துப் போடாமல் படியில் நின்று, நான் கீழே இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தான். வீடியோவில் இன்னும் கார் ஹோர்ன் கேட்டது.

கார் கராஜில் நிற்கிறது. தகடு இல்லை. எஞ்சின் வந்த பெட்டியை என் மனைவி நிலவறைக்குள் இழுத்துவைத்து உருளைக்கிழங்கு போட்டு வைத்திருக்கிறாள். நல்ல பலகை என்கிறாள்.

மறுநாள் காலை எட்டரைக்குப் பல் வைத்தியரிடம் தனியாகப் போனேன். பின்பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும் என்றார். கட்டாயமா என்று இரண்டு தரம் கேட்டேன். கட்டாயம் என்றார். பிடுங்கினார். பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன்.